மறக்க முடியாத பழமொழிகள்: காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பதில்

"வாழ்க்கையை வேறு வேறு கோணத்தில் பார்க்க வைத்த, உங்களால் மறக்க முடியாத வாசகங்கள் எவை?" என்று கேட்டிருக்கிறீர்கள். தினம் காலையில் ரோஜாப்பூ படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் பொன்மொழி எதுவும் எனக்கு மதியம் வரை நிற்பதில்லை. நின்றதெல்லாம் வீட்டில் காதில் விழுந்தவைதான்.

முதலாவது, "ஆத்துல போட்டாலும் அளந்து போடு." வெளியூர்க்காரர்கள் இதைச் சொல்லி எங்களைக் கஞ்சர்கள் என்று கிண்டல் செய்வார்கள். என் அப்பத்தா இதைக் கொடுப்பதற்காகத்தான் சொல்வார். கேட்டு வந்தவருக்கு அரிசி இல்லை என்று சொன்னதே கிடையாது. ஆனால் படியில் அளந்துதான் போடுவார், போட்டதை நோட்டில் குறித்தும் வைப்பார். "எவ்வளவு குடுத்தோம்னு தெரிஞ்சாத்தான் அடுத்த ஆளுக்கும் குடுக்க முடியும்" என்பார். நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், வியாபாரத்தில் லாபத்தில் ஒரு பங்கை மகமை என்று கோயிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைத்ததும் இந்தப் புத்தியில்தான். தர்மத்துக்கும் கணக்கு உண்டு. கணக்கு இல்லாத தாராளம் பாதியில் நின்றுவிடுகிறது என்பது என் அனுபவம்.

அடுத்தது, "சிறுகக் கட்டிப் பெருக வாழ்." தெரு முதல் தெரு வரை வீடு கட்டிய ஊர்களில் இதைச் சொல்கிறார்களே என்று சிரிப்பு வரலாம். பர்மா தேக்குத் தூணும் இத்தாலி சலவைக்கல்லும் வந்து இறங்கிய காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். செட்டியார்கள் பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்து வந்தார்கள். 1930 வாக்கில் அங்கே நெல் விலை சரிந்தது. கடனை அடைக்க முடியாதவர்களின் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான். பலர் கையில் கிடைத்ததோடு ஊர் திரும்பினார்கள். பணம் போயிற்று, வீடு மட்டும் நின்றது. இன்று அவற்றில் எத்தனையோ வீடுகள் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்குப் பொது. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் கதவு திறக்கிறது. இந்தப் பழமொழியை இங்கே வாழ்ந்து கெட்டவர்கள் வாயில் கேட்க வேண்டும், அதன் கனமே தனி.

அப்புறம், "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு." ஔவை சொன்னது. எங்கள் அப்பச்சி (அப்பாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) இதை வெளிநாட்டு வேலைக்குத் தயங்கும் பையன்களிடம் சொல்வார். சம்பளம் பத்தவில்லை என்று புலம்புகிறவர்களிடம் "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்பார். இரண்டும் ஒரே நாளில் எங்கள் வீட்டு முகப்பிலேயே நடக்கும். முரண்பாடு என்று எனக்குத் தோன்றியதில்லை, ஆளுக்கு ஏற்ற மருந்து.

கடைசியாக ஒன்று. கணியன் பூங்குன்றனாரின் ஊர் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கத்து மகிபாலன்பட்டி என்பதால் "யாதும் ஊரே யாவரும் கேளிர்" எங்களுக்குச் சொந்தக்காரர் பாட்டு மாதிரி. எனக்கு அதைவிடப் பிடித்தது அந்தப் புறநானூற்றுப் பாட்டின் முடிவுதான்: பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே. முதல் வரியை வரவேற்பு வளைவு, பேனர் என்று எங்கும் எழுதிவிட்டார்கள். இந்தக் கடைசி வரியை ஒரு பேனரிலும் நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் இருந்தால் கருத்தில் சொல்லுங்கள்.