மேல் வீட்டுக் குழாய் வெடித்தால் நஷ்டஈடு யார் தருவது?

கேள்வி: வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் சொந்த ஃப்ளாட்டில் இருக்கிறோம். பில்டர் வீட்டை ஒப்படைத்து நாலே கால் வருஷம் ஆகிறது. மேல் வீட்டு உரிமையாளர் கோவையில் இருக்கிறார். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். வாடகைக்காரர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பாத்ரூம் குழாய் வெடித்து ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஓடியது. எங்கள் ஃபால்ஸ் சீலிங், வார்ட்ரோப், டிவி எல்லாம் வீணாகிவிட்டன. 1,80,000 ரூபாய் நஷ்டம். நவம்பரிலேயே கூரையில் ஈரம் தெரிகிறது என்று உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். "பார்க்கலாம்" என்று பதில் போட்டார். இப்போது "குழாய் வெடித்தால் நான் என்ன செய்ய முடியும்?" என்கிறார். வீட்டுக்குள் நடந்ததற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்கிறது அசோசியேஷன். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

பதில்: அம்மா, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பிளம்பர் வெட்டி எடுத்த அந்த உடைந்த குழாய்த் துண்டு எங்கே என்று இன்றைக்கே விசாரியுங்கள். மேல் வீட்டு பால்கனியிலோ குப்பைத் தொட்டி பக்கமோ கிடந்தால் சாட்சி வைத்து, போட்டோ எடுத்து, பத்திரப்படுத்துங்கள். உங்கள் வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சி வேறு இல்லை.

மேலிருந்து தண்ணீர் வந்தாலே மேல் வீட்டுக்காரர் பணம் தர வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைத்தவர், அது வெளியேறினால் தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பு என்று 1868-ல் ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கில் இங்கிலாந்தில் தீர்ப்பானது. ஆனால் வீட்டில் குழாய்த் தண்ணீர் வைத்திருப்பது சாதாரண உபயோகம்தான், அந்த விதி இதற்குப் பொருந்தாது என்று 1913-ல் அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் மேல்முறையீட்டு நீதிமன்றமான பிரிவி கவுன்சில் ரிக்கார்ட்ஸ் எதிர் லோதியன் வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே அஜாக்கிரதையை நீங்கள் காட்டியாக வேண்டும். குழாய் ஏன் வெடித்தது என்று தெரியாமல் யார்மேலும் வழக்கில் ஜெயிப்பது கஷ்டம்.

சென்னையில் குளிரில் தண்ணீர் உறைந்து குழாய் வெடிப்பதில்லை. இங்கே காரணங்கள் வேறு. உடைந்த துண்டைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். ஜாயிண்ட் அப்படியே கழன்று, உள்ளே பசை பிடித்த தடமே சரியாக இல்லையென்றால், சால்வென்ட் என்ற ஒட்டுப்பசையைச் சரியாகப் போடாமல் ஒட்டியிருக்கிறார்கள். கட்டிய காலத்துக் கோளாறாக இருக்கலாம். குழாய் ஓரிடத்தில் உப்பி நீளவாக்கில் கிழிந்திருந்தால் கீசர் லைனைச் சந்தேகப்படுங்கள். சுடுதண்ணீருக்கு, சூடு தாங்கும் சிபிவிசி குழாய் போட வேண்டிய இடத்தில் செலவு மிச்சம் என்று சாதாரண பிவிசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டில் அது இளகிவிடும். வட்டமாக ஒரு ஓட்டை இருந்தால் அலமாரியோ கண்ணாடியோ மாட்ட டிரில் போட்டவர் யார் என்று கேட்க வேண்டும். பல வீடுகளில் சுவருக்குள் இருக்கும் குழாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது. சுவரில் இருக்கும் ஆங்கிள் காக் என்ற சின்ன வால்விலிருந்து கீசருக்கோ வாஷ்பேசினுக்கோ போகும் வளையும் ஹோஸ்தான் வெடித்திருக்கும். இன்னொன்று பிரஷர் பம்ப். மேல் மாடிக்குத் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று அசோசியேஷன் சமீபத்தில் பம்ப் எதுவும் போட்டதா? போட்டிருந்தால் அந்த பில்லையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். கூடுதல் அழுத்தத்தால்தான் வெடித்தது என்றால் "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று அவர்கள் ஒதுங்க முடியாது.

ஒரு சார்ட்டர்டு எஞ்சினியரை அழைத்துத் துண்டையும் இடத்தையும் பார்க்கச் சொல்லி, காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மேல் வீட்டைத் திறந்துகாட்ட மறுத்தால், வழக்குத் தொடுத்து உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 26, விதி 9-ன் கீழ் வக்கீல் கமிஷனரை, அதாவது நீதிமன்றம் சார்பில் இடத்தைப் பார்த்து அறிக்கை தரும் வக்கீலை, நியமிக்கக் கேட்கலாம்.

இனி யார் பொறுப்பு என்பதற்கு வருவோம். உரிமையாளர்மேல் உங்கள் பிடி பலமானது. காரணம் அந்த நவம்பர் வாட்ஸ்அப். கசிவு இருக்கிறது என்று தெரிந்தும் சும்மா இருந்தவர், திடீரென்று வெடித்தது என்று சொல்ல முடியாது. அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டம் 2023, பிரிவு 63 மின்னணுப் பதிவுகளுக்குச் சொல்லும் சான்றிதழ் கூடவே வேண்டும். அது இல்லாமல் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் கொடுத்தால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும்.

வாடகைக்காரரைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்ட அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிராவிட்டால், குழாய்களை மாற்றும் பொறுப்பை வீட்டுக்காரரிடமும், டேப், வாஷர் மாற்றுவதை வாடகைக்காரரிடமும் விடுகிறது. அவராக கீசர் மாட்டியிருந்தாலோ டிரில் போட்டிருந்தாலோ தவிர, அவரை முதன்மை எதிரியாக்க வேண்டாம். கசிவு பற்றி அவர் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தால் உங்களுக்கு நல்ல சாட்சியாகக்கூட வருவார்.

ஜாயிண்ட் கோளாறு என்று தெரிந்தால் பில்டர் மாட்டுகிறார். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பிரிவு 14(3)-ன்படி, வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் வேலைத்தரக் குறை தெரிவிக்கப்பட்டால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். தவறினால் நஷ்டஈடு உண்டு. உங்களுக்கு இன்னும் ஒன்பது மாதம்தான் இருக்கிறது. குறை இருப்பது மேல் வீட்டு லைனில் என்பதால், அந்த உரிமையாளரும் சேர்ந்து எழுதினால் பில்டர் நழுவுவது கஷ்டம். இதை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், அவருக்கும் லாபம்தான். அவர் நடுவில் பாத்ரூமை மாற்றிக் கட்டியிருந்தால் மட்டும் இந்த வழி அநேகமாக அடைபடும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் பில்டர்மேல் போகலாம். காலக்கெடு 2 வருஷம். மேல் வீட்டுக்காரர்மேல் போக முடியாது, அவரிடம் நீங்கள் பொருளோ சேவையோ வாங்கவில்லையே. அவர்மேல் சிவில் வழக்குதான், 3 வருஷத்துக்குள். நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 5,400 ரூபாய் ஆகும். பழைய டிவிக்குப் புது டிவி விலை கிடைக்காது, தேய்மானம் கழிப்பார்கள். அதற்கேற்ப தொகையைக் கணக்கிடுங்கள்.

வீட்டுக்கடன் இருக்கிறதா? அதோடு வீட்டு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். பாரத் கிருஹ ரக்ஷா போன்ற பாலிசிகளில் குழாய் வெடிப்பதும் சேர்ந்தே இருக்கிறது. உடனே தகவல் கொடுங்கள்.

அப்புறம், நனைந்த ஃபால்ஸ் சீலிங்கை வழக்குக்காக அப்படியே தொங்கவிட வேண்டாம். போட்டோ, வீடியோ, தச்சர் எழுதிக் கொடுத்த மதிப்பீடு, இவை போதும். எலக்ட்ரீஷியன் பார்க்காமல் அந்த அறை லைட்டைப் போடாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்.

எஞ்சினியர் அறிக்கை கைக்கு வந்ததும், உரிமையாளருக்கும் அறிக்கை யாரைச் சுட்டுகிறதோ அவருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். சமாதானத்துக்கு உரிமையாளர் இறங்கி வந்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்குக்கு முந்தைய லோக் அதாலத்தில் (சமரசத்துக்கான மக்கள் நீதிமன்றம்) முடித்துக்கொள்ளலாம். அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. பணத்தோடு, அந்த பாத்ரூம் லைன் முழுவதையும் மாற்றி, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் உங்கள் எதிரிலேயே பிரஷர் டெஸ்ட் செய்து காட்ட வேண்டும் என்பதையும் அதில் எழுதி வாங்குங்கள்.