ஸ்டென்ட் வைத்தவர் கேஸ் மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. நான்கு மாதத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் கட்டாமலிருக்க குளோபிடோகிரல் 75, ஆஸ்பிரின் 75 சாப்பிடுகிறார். வயிற்றெரிச்சல் என்றதும் மருந்துக்கடையில் ஒமிப்ரசோல் என்ற கேஸ் மாத்திரை கொடுத்தார்கள், மூன்று வாரமாகிறது. இதுவும் குளோபிடோகிரலும் சேரக்கூடாதாமே? குளோபிடோகிரலை நிறுத்திவிடலாமா? மரபணு டெஸ்ட் எடுக்கச் சொல்லி லேப்பிலிருந்து ஒருவர் போன் மேல் போன் செய்கிறார்.

பதில்: நிறுத்தாதீர்கள், ஒரு நாள்கூட. நான்கே மாதமான ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டி அடைத்தால், அது நீங்கள் பயப்படுகிற விஷயத்தைவிடப் பல மடங்கு மோசம். மாற்ற வேண்டியது கேஸ் மாத்திரையைத்தான்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. குளோபிடோகிரல் நெல் மாதிரி. கல்லீரலில் போய்க் குத்துப்பட்டால்தான் அரிசி. 100 மூட்டை உள்ளே போனால் சுமார் 85 மூட்டை வழியிலேயே பதராகிவிடும். மிச்சம் 15 மூட்டையைக் குத்தும் முக்கியமான மில், சிஒய்பி2சி19 என்ற நொதி. ஒமிப்ரசோல் அதே மில் வாசலில் வண்டியை நிறுத்தி அடைத்துக்கொள்கிறது. 80 மில்லிகிராம் ஒமிப்ரசோல் கொடுத்துப் பார்த்ததில், வேலை செய்யும் மருந்து 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. ‘ஒன்றைக் காலையில், இன்னொன்றை ராத்திரி போடுங்கள்’ என்று கடையில் சொல்வார்கள். 12 மணி நேரம் தள்ளிக் கொடுத்தும் அதே குறைவுதான்.

சாப்பிட்ட மூன்று வாரத்தை நினைத்துக் கலங்க வேண்டாம். 2010இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் பாண்டோப்ரசோல் என்ற, அந்த மில்லை அதிகம் தொந்தரவு செய்யாத மாத்திரை இருக்கும்போது எதற்கு வம்பு? இதய மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த எரிச்சல் வயிற்றுடையதா, நெஞ்சுடையதா என்பதையும் அவரே பார்த்துச் சொல்லட்டும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது கத்தரிக்கோல் மேல். பத்து மாத்திரை அட்டையில் நான்கை வெட்டிக் கொடுக்கிறார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்டு அடுத்தவர் பைக்குப் போய்விடுகின்றன. கையில் இருப்பது வெள்ளிக் காகிதமும் பாதி எழுத்தும். பாண்டோப்ரசோல் தீர்ந்துவிட்டால் ‘எல்லாம் கேஸ் மாத்திரைதானே’ என்று ஒமிப்ரசோலோ அதன் தம்பி எசோமிப்ரசோலோ வரும். குமட்டலுக்கான டொம்பெரிடோன் சேர்த்த காப்ஸ்யூல் என்றாலும் உள்ளே இருப்பதன் பெயர் ஆங்கிலத்தில்தான். 61 வயது அம்மா அதைப் படிக்க வேண்டுமாம்! தமிழில் ஒரு வரி அச்சடிக்க என்ன கேடு என்று இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் முழு அட்டையாக, பில்லோடு வாங்குங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் கேஸ் மாத்திரையே வேண்டாம் என்று தூக்கிப் போட்டுவிடக்கூடாது. அம்மாவுக்கு முன்பு எப்போதாவது குடல்புண் இருந்ததா? ரத்த வாந்தி? தார் மாதிரி கறுப்பாக மலம் போனதா? (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் சொல்லுங்கள்.) மூட்டுவலிக்கு வலி மாத்திரை போடுகிறாரா? ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால், ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்ந்து வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இரைப்பையைக் காக்கும் மாத்திரை கட்டாயம் வேண்டும். மாற்று மாத்திரை கையில் வரும்வரை இருப்பதையும் மருத்துவரைக் கேட்காமல் விடக்கூடாது.

சரி, மரபணு டெஸ்ட். பிறவியிலேயே இந்த மில் ஓடாதவர்கள் ஐரோப்பியரில் 100க்கு இரண்டு மூன்று பேர் என்றால், தென்னிந்தியரில் பத்துக்கும் மேல். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2010இல் மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி இதை எச்சரித்தது. ஆக, டெஸ்ட் மோசடியில்லை, போனில் விற்கும் விதம்தான் மோசடி. மில் ஓடவில்லை என்று ரிசல்ட் வந்தால், குத்தாமலே வேலை செய்யும் டிகாக்ரெலர் மாதிரி ஒன்றுக்கு மருத்துவர் மாற்றலாம். அவர் கேட்டால் எடுங்கள். அடுத்த முறை அந்த லேப் ஆள் கூப்பிட்டால், ‘ரிப்போர்ட்டைப் பார்த்து மாத்திரையை யார் மாற்றுவார்?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.