மணிலாவில் டைஃபூன் வெள்ளத்தைக் குடும்பத்தோடு எப்படிச் சமாளிப்பது?

கேள்வியின் சுருக்கம் இது: வேலை மாற்றலில் மனைவி, நான்கு வயதுக் குழந்தையோடு ஜூலையில் மணிலா போகிறீர்கள். வாடகை குறைவு என்று, மணிலாவுக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் உள்ள மாரிகினா நகரப் பக்கம் ஒரு தனி வீடு பார்த்திருக்கிறீர்கள். ‘சிக்னல் 3’ அறிவிக்கும்வரை கவலையே வேண்டாம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆலோசனையை முதலில் மறந்துவிடுங்கள். பிலிப்பைன்ஸ் வானிலை மையமான பகாசா அறிவிக்கும் சிக்னல் எண் காற்றுக்கு மட்டும்தான். 1 என்றால் மணிக்கு 39 முதல் 61 கி.மீ. வேகம், 2 என்றால் 62–88, 3 என்றால் 89–117, 4 என்றால் 118–184, அதற்கு மேல் 5. எவ்வளவு மழை கொட்டும், ஆறு எவ்வளவு ஏறும் என்பதைப் பற்றி அந்த எண் எதுவுமே சொல்லாது. பெருமணிலாவில் வெள்ளத்தில் மாட்டிக்கொள்பவர்கள் பலர் காற்றின் எண்ணைப் பார்த்துவிட்டு மழையைக் கணக்கில் விட்டவர்கள்தான்.

2009 செப்டம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் கெட்சானா என்றும் உள்ளூர்க்காரர்கள் ஓந்தோய் என்றும் சொல்லும் அந்தப் புயல், லூசோன் தீவைக் கடந்தபோது டைஃபூன் தரத்தையே எட்டியிருக்கவில்லை. ஆனால் குவெசான் சிட்டி மழைமானியில் ஆறு மணி நேரத்தில் 341 மி.மீ. பதிவானது. அதற்கு முந்தைய சாதனை 1967 ஜூனில் பெய்த 334 மி.மீ., அதுவும் 24 மணி நேரத்தில். ஓந்தோயில் 400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2024 ஜூலை கதை இன்னும் விசித்திரம். கரீனா என்ற டைஃபூன் பிலிப்பைன்ஸில் கரையைக் கடக்கவே இல்லை, தைவான் பக்கம் போய்விட்டது. ஆனால் போகிற போக்கில் தென்மேற்குப் பருவமழையை இழுத்து விட்டதில் பெருமணிலா மூழ்கியது. அங்கே இந்தப் பருவமழைக்கு ஹபாகட் என்று பெயர். செய்தியில் ‘ஹபாகட் வலுவடைகிறது’ என்று வந்தால், புயல் 500 கி.மீ. தள்ளி இருந்தாலும் அது உங்களுக்கான செய்திதான்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மழையின் நிறத்தையும் ஆற்றின் மீட்டரையும். ஒரு மணி நேரத்தில் 7.5 முதல் 15 மி.மீ. மழைக்கு மஞ்சள், 15 முதல் 30 வரை ஆரஞ்சு, 30-ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு எச்சரிக்கை பெரும்பாலும் கைப்பேசியிலேயே அலறும். அதை வேண்டாம் என்று அணைத்து வைக்காதீர்கள். மாரிகினா ஆற்றுக்கு, சாண்டோ நீன்யோ என்ற இடத்தில் உள்ள நீர்மட்ட அளவுகோலில் மூன்று படிகள் உண்டு. 15 மீட்டர் என்றால் தயாராகு, 16 என்றால் வெளியேறு, 18 என்றால் கட்டாய வெளியேற்றம். ஓந்தோயில் ஆறு 21.5 மீட்டர் வரை ஏறியது. 2020 நவம்பர் 12 அன்று யுலிசிஸ் புயலில் 22 மீட்டர், கரீனாவில் 20.7. அதாவது 18-க்கு மேலும் நாலு மீட்டர் ஏறக்கூடிய ஆறு அது. குழந்தையோடு இருக்கும் நீங்கள் 16-ஐ எதிர்பார்க்காமல் 15-லேயே கிளம்புங்கள். 15-க்கும் 18-க்கும் நடுவில் கிடைக்கும் நேரம் சில சமயம் மிகக் குறைவு. இருட்டு நேரமானால் அதில் பாதி தடுமாறுவதிலேயே போய்விடும்.

இன்னொன்று. மழை விட்டதும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். ஆற்றுக்குத் தண்ணீர் வருவது சியேரா மாத்ரே மலைச்சரிவிலிருந்து. நகரத்தில் தூறலாகக் குறைந்து, சனங்கள் வெளியே வந்து பார்க்கும் நேரத்தில்தான் மலைத்தண்ணீர் வந்து சேரும். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இனி வீடு. முன்பணம் கொடுக்கும் முன் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் நோவா வெள்ள வரைபடத்தில் அந்த முகவரியைப் போட்டுப் பாருங்கள். 5, 25, 100 ஆண்டு மழைக்கு, அதாவது சராசரியாக அத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் பெருமழைக்கு, தனித்தனி வரைபடம் இருக்கும். மஞ்சள் என்றால் அரை மீட்டர் வரை, ஆரஞ்சு 1.5 மீட்டர் வரை, சிவப்பு அதற்கு மேல். 25 ஆண்டு வரைபடத்திலேயே சிவப்பு என்றால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம். பிறகு தெருவுக்குப் போய், தரகரை விட்டுவிட்டு, எதிரே உள்ள சாரி-சாரி பெட்டிக்கடைக்காரரிடம் கேளுங்கள்: “ஹங்காங் சான் அங் பஹா நூங் ஓந்தோய்?” ஓந்தோயில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அர்த்தம். துஹோத் என்றால் முழங்கால், பய்வாங் இடுப்பு, டிப்டிப் மார்பு, லம்பாஸ்-தாவோ ஆள் மூழ்கும் உயரம், புபோங் கூரை. கடைசி இரண்டில் ஒன்று காதில் விழுந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு தெரு பாருங்கள். மாரிகினாவில் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் உள்ள ப்ராவிடன்ட் வில்லேஜ், கரையோர துமானா, மலன்டாய் மூன்றும் இந்த வகை. லகுனா ஏரிக்கரையில் சிக்கல் வேறு மாதிரி. மாரிகினா ஆற்று வெள்ளத்தை மங்காஹான் கால்வாய் வழியாக அந்த ஏரிக்குத்தான் திருப்புகிறார்கள். ஏரிக்கு வெளிவாய் ஒன்றே ஒன்று. அதனால் 2009-ல் கரையோரத் தெருக்களில் தண்ணீர் மாதக்கணக்கில் நின்றது.

மாடிக் கணக்கில் நம்மவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். அங்கே தரைத்தளமே ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’. ‘செகண்ட் ஃப்ளோர், வெள்ளம் வராது’ என்று தரகர் சொல்வது நம் கணக்கில் முதல் மாடி. ப்ராவிடன்ட் வில்லேஜில் ஓந்தோய் வெள்ளம் அந்த உயரத்தையும் எட்டியது. காண்டோ அடுக்ககம் என்றால் ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், மின் பேனல் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். அடித்தளத்தில் இருந்தால், 20-வது மாடியில் இருந்தாலும் லிஃப்டும் குழாயும் வேலை செய்யாமல் நாட்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

தனி வீட்டில் ஜன்னல், பால்கனி எல்லாவற்றுக்கும் இரும்புக் கம்பி போட்டிருப்பார்கள். திருடனைத் தடுக்கும் அதே கம்பி தண்ணீர் ஏறும்போது உங்களையும் வெளியே விடாது. மேல்மாடியில் ஒரு கம்பிக் கதவாவது உள்ளிருந்து திறக்க வேண்டும். அதன் சாவியைக் குழந்தைக்கு எட்டாத, ஆனால் இருட்டிலும் கை தடவி எடுக்கக்கூடிய ஆணியில் தொங்கவிடுங்கள். பக்கத்திலேயே ஒரு கைக்கோடரி, 15 மீட்டர் நைலான் கயிறு, விசில், குழந்தை அளவுக்கு லைஃப் ஜாக்கெட். கீழ்த்தளப் பெட்டியில் வைத்த கோடரியால் கூரைத் தகரத்தை உடைக்க முடியாது.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர். மூன்று பேர், ஐந்து நாள் என்றால் 60 லிட்டர், அதாவது மூன்று 20 லிட்டர் கேன். கழிப்பறைக்குத் தனியாக ஒரு டிரம். ஆறு அடங்கிய பிறகும் அணைத்தண்ணீர் கலங்கலாக வருவதால் குழாய் நீர் நிற்கலாம் அல்லது குறையலாம். அவல், வறுத்த கடலை, சத்துமாவு, பேரீச்சை, பால்பவுடர் என அடுப்பு வேண்டாத உணவாகப் பாருங்கள். மெழுகுவத்திக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு. பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டவருக்கு அங்கே தரும் அடையாள அட்டையான ஏ.சி.ஆர். ஐ-கார்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டை இவற்றை ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு ஜிப் பையில் போடுங்கள். நனைந்த கையால் திறக்கும்போது ஒற்றைப் பை போதாது.

தண்ணீர் வீட்டுக்குள் முதலில் வாசல் வழியாக வரும் என்று எல்லோரும் மணல் மூட்டையை அங்கே அடுக்குவார்கள். ஆனால் பல வீடுகளில் அது முதலில் வருவது குளியலறை வடிகால் வழியாக. தெருச் சாக்கடையில் மட்டம் உயர்ந்ததும் தரைத்துளையில் ‘கொளக் கொளக்’ என்று காற்று குமிழியிடும், பிறகு கறுப்புத் தண்ணீர் மெல்லத் தளும்பி வரும். அந்தச் சத்தம் உங்களுக்குக் கடைசி எச்சரிக்கை மணி. கனமான இரண்டு பாலித்தீன் பைகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, முக்கால்வாசி மணல் நிரப்பி, துளை மேலும் கழிப்பறைக் கோப்பைக்குள்ளும் அழுத்தி வைத்தால் கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். தரை காய்ந்திருக்கும்போதே மெயின் பிரேக்கரை இறக்குங்கள். தரையில் தண்ணீர் வந்துவிட்டால் பேனலைத் தொடவே வேண்டாம். அங்கே 230 வோல்ட், பல பழைய வீடுகளில் எர்த் இணைப்பே இருக்காது. அடுத்து கேஸ் ரெகுலேட்டரை மூடிக் கழற்றுங்கள், சிலிண்டரைக் கயிறால் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். பாதி காலியான 11 கிலோ சிலிண்டர் மிதந்து குழாயைப் பிய்த்துக்கொண்டு போகும். ஃபிரிட்ஜும் மிதக்கும். மிதந்து போய்க் கதவுக்குக் குறுக்கே படுத்தால் இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. எனவே கதவையொட்டி நிற்கும் ஃபிரிட்ஜை முன்கூட்டியே எதிர்ச்சுவருக்கு மாற்றி வையுங்கள். மரக்கதவு ஊறினால் நிலையோடு இறுகிவிடும். வெளியேற நினைக்கும் கதவைத் திறந்த நிலையிலேயே கட்டி வையுங்கள்.

வெளியே முழங்கால் உயரத்துக்கு மேல் ஓடும் தண்ணீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்காதீர்கள். ஓடும் நீர் 15 செ.மீ. இருந்தாலே கால் வழுக்கும். திறந்து கிடக்கும் மேன்ஹோல் கலங்கல் நீரில் தெரியாது. போகத்தான் வேண்டும் என்றால் ஒரு நீளக் கம்பால் முன்னால் குத்திப் பார்த்து, மின்கம்பத்தை ஒட்டாமல் நடங்கள். வழி அடைந்துவிட்டால் மேல்மாடி, பிறகு கூரை. அவசர எண் 911, செஞ்சிலுவைச் சங்கம் 143. அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி போகும். முகவரி, ஆள் எண்ணிக்கை, ‘குழந்தை உண்டு’, தண்ணீர் எந்த உயரம் என்ற நான்கையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். வார்டு அலுவலகம் போன்ற பராங்காயின் எண்ணைக் குடிபோன அன்றே வாங்கி வையுங்கள். படகு எந்தத் தெருவுக்கு முதலில் போகும் என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

கார் வைத்திருந்தால் ஆரஞ்சு எச்சரிக்கையிலேயே உயரமான இடத்துக்கு ஓட்டிவிடுங்கள். புயல் நாட்களில் பல மால்கள் இரவு பார்க்கிங் கட்டணம் வாங்குவதில்லை, மேல்தளத்தில் விடலாம். சாலை நிலவரத்தை, பெருமணிலா வளர்ச்சி ஆணையமான எம்.எம்.டி.ஏ. உடல், டயர் அளவில் சொல்லும். 8 அங்குலம் நடைபாதை விளிம்பு, 10 அங்குலம் அரை முழங்கால், இதுவரை எல்லா வண்டியும் போகலாம். 13 அங்குலம், அதாவது அரை டயர் என்றால் சிறிய வண்டிகள் போகக் கூடாது. 26 அங்குலம் முழு டயர், எதுவுமே போகக் கூடாது. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். சர்வீஸோடு முடிய வேண்டிய வேலை எஞ்சின் மாற்றும் செலவாகிவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். இன்சூரன்ஸில் ‘ஆக்ட்ஸ் ஆஃப் நேச்சர்’ என்ற பிரிவைத் தனியாகச் சேர்த்திருந்தால்தான் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு மிஞ்சுவது சேறு. மாரிகினா வண்டல் மாவு போல மென்மையாக இருக்கும், காய்ந்தால் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். வடிகிற தண்ணீரோடு சேர்த்தே அதைத் தள்ளி வெளியேற்றுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மண்வெட்டி வேண்டியிருக்கும். கழுவிய பிறகு 20 லிட்டர் வாளித் தண்ணீருக்கு ஒரு கப் ப்ளீச் கலந்து துடையுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு ப்ளீச்சைக் கலக்கக் கூடாது, நச்சுவாயு வரும். நனைந்த பிளக் பெட்டிகளுக்குள் வண்டல் தங்கியிருக்கும். எலக்ட்ரீஷியன் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் வரை மெயினை ஏற்றாதீர்கள். குடிநீர் சந்தேகமாக இருந்தால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். முடியாவிட்டால் மணமில்லாத 5–6 சதவீத ப்ளீச், லிட்டருக்கு 2 சொட்டு விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது இதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றித்தான். எலி மூத்திரம் கலந்த வெள்ளநீர் காலில் உள்ள சிறு கீறல் வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும். ஓந்தோய்க்குப் பிறகு மணிலாவில் அது பெருமளவில் பரவியது. தண்ணீரில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் போடுங்கள், திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலில் புண் இல்லாமல் ஒருமுறை மட்டும் நனைந்த பெரியவர்களுக்கு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் 200 மி.கி. ஒரே வேளை தருவது அங்குள்ள வழக்கம். சுகாதார மையங்களில் கிடைக்கும். புண் இருந்தாலோ பலநாள் தண்ணீரில் நின்றிருந்தாலோ அளவு மாறும், அதை மருத்துவர் சொல்ல வேண்டும். உங்கள் குழந்தைக்கும், கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் அந்த மாத்திரையை நீங்களாகவே கொடுக்கக் கூடாது. குழந்தையை வெள்ளநீரில் இறக்காமல் இருப்பதுதான் அவளுக்கான தடுப்பு. காய்ச்சல் இரண்டு நாளிலும் வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது இவற்றில் எது சேர்ந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், டாக்டர் கேட்கும் முன்பே “வெள்ளத்தில் நடந்தேன், இத்தனை நாளாயிற்று” என்று சொல்லிவிடுங்கள்.