பெரணி கருகிவிட்டதா? தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: பொங்கல் சமயத்தில் நர்சரியில் மெய்டன்ஹேர் பெரணி ஒன்று வாங்கினேன். மெல்லிய கறுப்புக் காம்பு, கொத்தமல்லித் தழை மாதிரி குட்டி இலைகள், பார்க்கவே அவ்வளவு அழகு. ஹாலில் ஃபேனுக்குக் கீழே வைத்து தினமும் போர் தண்ணீர் ஊற்றுகிறேன். கத்திரி தொடங்கியதும் இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டுவிட்டது. இலைக்கு அடியில் பழுப்பாகப் பூச்சி முட்டை வேறு. வேப்பெண்ணெய் அடிக்கவா, தூக்கிப் போடவா?
- வாசகி, சீர்காழி

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. மேல்மண்ணை விரலால் லேசாக விலக்கிப் பாருங்கள், கிடையாக ஓடும் தண்டு கெட்டியாக இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. கருகிய இலை மறுபடி பச்சையாகாது, அதனால் காய்ந்த காம்புகளை மண்ணை ஒட்டி வெட்டிவிட்டு ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சில வாரங்களில் சுருண்ட குருத்து எழும்பி வரும்.

நீங்கள் பார்த்தது முட்டையே இல்லை. பெரணிக்குப் பூவும் விதையும் கிடையாது. இலை ஓரம் உள்பக்கமாக மடிந்து, அந்த மடிப்புக்குள், விதைக்குப் பதிலாகப் பெரணி இனம் பெருக்கும் தூள் போன்ற ஸ்போர்களை வைத்திருக்கும், அதுதான் அந்தப் பழுப்பு. இவ்வளவு மெல்லிய இலையில் எண்ணெய் அடித்தால் மிச்சமும் போய்விடும்.

சரி, ஏன் கருகியது? முதல் காரணம் ஃபேன். இந்தச் செடிக்கு மண் ஈரம் மட்டும் போதாது, சுற்றியுள்ள காற்றும் ஈரமாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பழைய செங்கல் கிணறுகளை எட்டிப் பாருங்கள், உள்சுவரில் காரை பெயர்ந்த இடுக்குகளில் யாரும் வைக்காமலே பெரணிகள் தழைத்து நிற்கும், ஏனென்றால் அங்கே நேர் வெயில் விழாது, காற்று அடிக்காது, கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் கிணற்றடியோ, வெளிச்சம் வரும் குளியலறை ஜன்னலோ, கொல்லையில் வாழை நிழலோதான். தொட்டிக்குக் கீழே ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு வையுங்கள், ஆனால் தொட்டியின் அடி தண்ணீரில் முழுகக் கூடாது. ஆடிக் காற்றில் மட்டும் வெளியே விடவே விடாதீர்கள்.

இரண்டாவது காரணம் தண்ணீராக இருக்கலாம். கடலோரப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரில் உப்பு இருக்கும், அந்த உப்பு தொட்டியில் சேரச் சேர இலை ஓரம் கருகும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றினால் ரொம்ப நல்லது. ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதை வீணாக்க மனசு வராமல் இதற்கு ஊற்றிவிடாதீர்கள். இலை மேல் ஊற்றினால் உருண்டு ஓடிவிடும், மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

வயல் களிமண் இதற்கு ஆகாது, வேர் அழுகிவிடும். மக்கிய இலை, ஆற்று மணல், தென்னை நார்க்கழிவு கலந்தால் போதும், நார்க்கழிவை மட்டும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள், அதிலும் உப்பு உண்டு. யூரியா கிட்டவே வேண்டாம். ஆனால் இந்த வெயிலில் மண்ணை மாற்றாதீர்கள். ஐப்பசி மழை பிடித்ததும் மாற்றலாம், அப்போது செடி புதராகியிருந்தால் தண்டை வேரோடு இரண்டாகப் பிரித்து இன்னொரு தொட்டியும் வைத்துக்கொள்ளலாம்.