மின்நிலையப் புகையைக் குறைக்கும் செலவு, கிடைக்கும் ஆரோக்கியத்துக்குத் தகுமா?

மலேசியாவின் காப்பாரில் செம்பனைத் தோட்டங்களுக்கு அப்பால் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். "வடிகட்டி போட்டால் கரண்ட் பில் ஏறுமே, பலன் உண்டா?" என்று இங்கே கேட்பது நியாயமான கேள்விதான். தகும் என்பதே என் பதில்.

அமெரிக்கா 2011-இல் நிலக்கரி நிலையங்களின் பாதரசத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, ஆண்டுச் செலவு 9.6 பில்லியன் டாலர், பலன் 37 முதல் 90 பில்லியன் என மதிப்பிட்டார்கள். அதில் பாதரசம் குறைவதால் மட்டும் வரும் பலனாகக் கணக்கிட முடிந்தது வெறும் 4 முதல் 6 மில்லியன்! மீதி எல்லாம் எங்கிருந்து வந்தது? பாதரசத்தைப் பிடிக்கும் கருவிகள் கந்தக டைஆக்சைடையும் நுண்துகள்களையும் சேர்த்தே பிடிக்கின்றன. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலின் ஆழத்துக்குப் போய் இதயத்தையும் கெடுக்கும். ஆண்டுக்கு 11,000 அகால மரணங்கள் வரை தவிர்க்கலாம் என்றார்கள். இந்தக் கூடுதல் பலனைச் சேர்க்கலாமா என்று பெரிய சண்டையே நடந்தது. சேர்க்கத்தான் வேண்டும், தப்பிய உயிர் எது குறைந்ததால் தப்பினால் என்ன?

செலவு பில்லில் அச்சாகி வருகிறது, சரி. பலனுக்கு ரசீது கிடையாது. பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்த அன்று அம்மா வேலைக்குப் போகாமல் இழக்கும் நாள்கூலி, கிளினிக் செலவு, தூங்காத இரவு, இவற்றையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள். அப்புறம் இன்னொன்று: செலவை எல்லாரும் பகிர்கிறோம், புகையை அதிகம் சுவாசிப்பது காற்று புகையைக் கொண்டுபோகும் பக்கத்தில் குடியிருப்பவர்கள்.