ரத்தம் நின்றுவிட்டால் போதுமா?

வாசகி ஒருவரின் கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, புகைப்பழக்கம் உண்டு. இரண்டு தடவை சிறுநீர் ரத்தமாகப் போனது, வலியே இல்லை. ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் நின்றுவிட்டது. ஸ்கேனில் ‘சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருக்கிறது’ என்று வந்திருக்கிறது. இது புற்றுநோயா, வெறும் தொற்றா?

அந்த ஒரு வரியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்தால் சிறுநீரை வெளியே தள்ளித் தள்ளியே பையின் சுவர் தடித்துப்போகும். கல், நாள்பட்ட தொற்று இருந்தாலும் தடிக்கும். பை சரியாக நிரம்பாதபோது ஸ்கேன் எடுத்தால் நல்ல சுவர்கூடத் தடிப்பாகத்தான் தெரியும். கட்டி இருந்தாலும் இதே வரி வரலாம்.

எனக்கு உறுத்துவது அந்த வலியில்லாத ரத்தம்தான். எரிச்சல், காய்ச்சல், கல்ச்சரில் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கிருமி எல்லாம் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் தொற்று. உங்கள் அப்பாவுக்குக் கல்ச்சர் எடுத்தார்களா? எடுத்திருக்க மாட்டார்கள், எடுக்காமலே மாத்திரை எழுதுவதுதான் வழக்கமாகிவிட்டதே. கட்டியிலிருந்து வரும் ரத்தம் தானாக நிற்கும், மாதக்கணக்கில் காணாமல்போய் மறுபடி வரும். நடுவில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். கல் கரைக்கும் பொடி விற்பவர்களின் பிழைப்பே இந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. அப்புறம் ‘கேன்சர் பேக்கேஜ்’ என்று வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவர்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோயை ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்ய முடியாது, பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை புராஸ்டேட்டுக்கானது, கமிஷனுக்காக அலைபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அவருக்கு வேண்டியது சிஸ்டோஸ்கோப்பி. மரத்துப்போகும் ஜெல் போட்டு, மெல்லிய கேமரா குழாயைச் சிறுநீர் வரும் வழியே விட்டுப் பார்ப்பது, சில நிமிட வேலை. மேலே சிறுநீரகங்களையும் குழாய்களையும் பார்க்க சி.டி. ஸ்கேன். இதற்குத் தேதி வாங்க ஒவ்வொரு அறையாக ஃபைலைச் சுமந்து அலையவிடுவார்கள், விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

கேமராவையும் ஏமாற்றும் ஒரு வகை உண்டு. கட்டியாகத் துருத்தாமல் உள்தோலோடு தட்டையாகப் படரும் புற்று. வெறும் சிவப்பாகத்தான் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. அறிகுறிகளும் அப்படியே நீர்க்கடுப்பு மாதிரி: எரிச்சல், அவசரம், அடிக்கடி போவது. கல்ச்சரில் கிருமியே இல்லை, மருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தும் எரிச்சல் போகவில்லை என்றால் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். குறிப்பாகப் பெண்களுக்கு, ‘இன்ஃபெக்‌ஷன்’ என்றே மாதங்கள் ஓடிவிடுகின்றன. இந்த வகையில் சிறுநீரில் உதிரும் செல்களைப் பார்க்கும் சைட்டாலஜி நன்றாகவே உதவும், அதை எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேமராவில் கட்டி தெரிந்தால் அதே வழியாகச் சுரண்டி எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள், புற்றா இல்லையா என்ற முடிவு அங்கேதான். ரிப்போர்ட் வந்ததும், எடுத்த துண்டில் பையின் தசையும் இருந்ததா என்று கேளுங்கள். புற்று என்று வந்து, தசை அதில் இல்லையென்றால், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சொல்ல முடியாமல் பெரும்பாலும் இன்னொரு தடவை சுரண்ட வேண்டியிருக்கும்.