ரிவரில் வரும் ரெய்ஸ்

வணக்கம் சார்,

ஆன்லைனில் மிகச் சிறிய ஸ்டேக் (பந்தயத் தொகை) மேஜைகளில் ஹோல்டெம் போக்கர் ஆடுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு. எந்தக் கையை ஆடுவது, எதை விடுவது என்பதெல்லாம் அட்டவணை பார்த்துப் பழகிவிட்டது. ஃப்ளாப், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டு, விழுந்த பிறகுதான் தடுமாற்றம்.

சமீபத்தில் பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்) ஏஸ்-கிங் வந்தது. எனக்கும் எதிராளிக்கும் தலா 100 பிக் பிளைண்ட் (சீட்டு போடும் முன் கட்டும் கட்டாயப் பந்தயம், அதுதான் அளவுகோல்). 3 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தேன் (பந்தயத்தை உயர்த்தினேன்), பிக் பிளைண்ட் கட்டியிருந்தவர் மட்டும் கால் செய்தார் (அதே தொகையைப் போட்டார்). ஃப்ளாப் கிங், 9, 4. அதில் கிங்கும் 9-ம் ஹார்ட். நான்காம் சீட்டான டர்ன் 7, கடைசிச் சீட்டான ரிவர் 2, இரண்டும் ஹார்ட் இல்லை. என்னிடமும் ஹார்ட் இல்லை. மூன்று முறையும் பாதி பாட் (நடுவில் சேர்ந்த பணம்) அளவு பெட் செய்தேன். ரிவரில் அவர் ஆல்-இன் போனார், மிச்சப் பணம் முழுவதையும் போட்டார். என்னிடம் டாப் பேர் (மேஜையின் பெரிய சீட்டோடு ஜோடி), துணைக்கு ஏஸ் கிக்கர், எப்படி விடுவது? கால் செய்தேன். 4-4 காட்டினார், மேஜையிலுள்ள 4-ஓடு மூன்றாகி செட். இது வெறும் துரதிர்ஷ்டமா? அப்புறம், ஃப்ளஷ் ட்ரா (ஒரே சூட்டில் ஐந்துக்கு ஒரு சீட்டு குறைவு) இருந்தால் எதுவரை கால் செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மூன்று பெட்டுகளும் சரி. கிங்-குயின், கிங்-ஜாக், 9 வைத்திருப்பவர்கள், ஹார்ட் ட்ரா என்று உங்களைவிடப் பலவீனமான கைகள் நிறைய பணம் போட்டுக்கொண்டே வரும். சிறிய ஸ்டேக்கில் லாபம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ரிவரிலும் கிங்-ஜாக்காரர் பாதி பாட்டுக்குக் கால் செய்வார், அதனால் அந்த பெட்டையும் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி அதற்குப் பிறகு வந்த ஆல்-இன். அந்த இடத்தில் “என் கை எவ்வளவு நல்லது” என்று பார்த்தீர்கள். பார்க்க வேண்டியது அவரிடம் என்னென்ன இருக்க முடியும் என்பதை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரிவரில் உங்கள் பெட்டோடு பாட் சுமார் 39 பிளைண்ட். அவர் மீதமிருந்த 87 சொச்சத்தையும் தள்ளினார். நீங்கள் இன்னும் 74 பிளைண்ட் போட்டால் மொத்தம் 200. அதாவது 37 சதவீதம் நேரமாவது நீங்கள் ஜெயித்தால்தான் அந்தக் கால் கட்டுபடியாகும். இப்போது அவர் பக்கம் வாருங்கள். 9-9, 7-7, 4-4 ஒவ்வொன்றும் 3 விதமாக வரலாம், செட் மட்டுமே 9. கிங்-9, 9-7 போன்ற ஒரே சூட் டூ பேர் கைகளையும் சேர்த்தால் சுமார் 15. அப்படியானால் கால் செய்ய, அவர் ரேஞ்சில் (அவரிடம் இருக்கக்கூடிய கைகளில்) குறைந்தது 9 ப்ளஃப்களாவது, அதாவது பயமுறுத்த மட்டும் பணம் போடும் வெறும் கைகளாவது, இருக்க வேண்டும்.

ஹார்ட் தவறிய கைகள் 9-க்கு மேலேயே அவரிடம் இருக்கக்கூடும். ஆனால் இருப்பது வேறு, அவற்றை வைத்து ரிவரில் ஆல்-இன் ரெய்ஸ் போவது வேறு. சிறிய ஸ்டேக் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ட்ரா தவறினால் பேசாமல் ஃபோல்ட் செய்துவிடுவார்கள். கால் செய்வது அவர்களுக்குப் பிடித்த வேலை, ரெய்ஸ் அப்படியில்லை. ஃப்ளாப், டர்ன் இரண்டு சுற்றிலும் கால் மட்டும் செய்துவந்தவர் கடைசியில் திடீரென்று முழுப் பணத்தையும் தள்ளினால், நம்புங்கள். அவர் அடிக்கடி ப்ளஃப் செய்பவர் என்று நீங்களே கண்ணால் பார்த்திருந்தாலொழிய, அந்த ஏஸ்-கிங்கை ஃபோல்ட் செய்திருக்க வேண்டும். ஆகவே, துரதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். அவருக்கு செட் விழுந்தது வேண்டுமானால் துரதிர்ஷ்டம். கடைசி 74 பிளைண்ட் உங்கள் கையில் இருந்தது.

இதே பழக்கம் இன்னொரு கசிவையும் அடைக்கும். ஏஸ்-கிங்கோடு 8-7-6 ஃப்ளாப்பைப் பார்க்கும்போதும் “நான்தானே ரெய்ஸ் செய்தேன்” என்று கை தானாக பெட் பட்டனுக்குப் போகும். ஜோடியில்லாத இரண்டு சீட்டுகளுக்கு ஃப்ளாப்பில் ஜோடியோ அதற்கு மேலோ விழுவது சுமார் மூன்றில் ஒரு முறைதான் என்பதால், இந்த நிலைமை உங்களுக்கு அடிக்கடி வரும். கிங்-7-2 மூன்று சூட்டில் விழுந்தால் எதிராளியிடம் அநேகமாக ஒன்றுமிருக்காது, சின்ன பெட் போதும். 8-7-6 பிக் பிளைண்டுக்காரரின் கைகளுக்குப் பொருந்தும் சீட்டுகள், பெட் போடாமல் செக் செய்யுங்கள். ஒவ்வொரு பெட்டுக்கும் முன் எந்த மோசமான கை கால் செய்யும், எந்த நல்ல கை ஃபோல்ட் செய்யும் என்று கேளுங்கள். இரண்டுக்குமே ஒரு பெயரும் வராவிட்டால் பெட் வேண்டாம்.

ஃப்ளஷ் ட்ராவில் பலர் சறுக்குவது, ஃப்ளாப்பிலிருந்து ஃப்ளஷ் அடிக்க 35 சதவீத வாய்ப்பு என்ற கணக்கில்தான். அது டர்ன், ரிவர் இரண்டையும் பார்க்கக் கிடைத்தால் மட்டும். ஃப்ளாப்பில் ஒரு பெட்டுக்குக் கால் செய்து நீங்கள் வாங்குவது பொதுவாக ஒரே ஒரு சீட்டு, தெரியாத 47-இல் 9, அதாவது 19 சதவீதம். பாதி பாட் பெட்டுக்குத் தேவை 25. ஃப்ளஷ் அடித்த பிறகு அவரிடமிருந்து இன்னும் பணம் வரும் என்றால் அந்த இடைவெளி நிரம்பும். தாராளமாகக் கால் செய்பவர்கள் இருக்கும் மேஜையில் அநேகமாக வரும், அதனால் ஃப்ளாப்பில் கால் செய்யலாம். டர்னில் முழு பாட் பெட் வந்தால் தேவை 33, கையில் இருப்பது 20-க்குள். பின்னால் பெரிய ஸ்டாக் (கையிருப்புப் பணம்) மிச்சமில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
க.